கப்பலால் இறங்கி விமானம் ஏறும்வரை: கொழும்பில் ஒரு பகல், முழுமையான வழிகாட்டி

காலை 8 மணிக்குக் கப்பல் கொழும்பில் கட்டுகிறது, இரவு 11 மணிக்குக் கட்டுநாயக்கவில் விமானம். கணக்குப் பார்த்தால் 15 மணித்தியாலம் கையில் இருப்பதுபோலத் தெரியும். ஊர் பார்க்கக் கிடைப்பது எட்டு, மிஞ்சினால் எட்டரை. பெட்டி எடுத்துத் துறைமுக வாசலைத் தாண்டும்போதே ஒன்பதரை ஆகிவிடும். மாலை ஆறுக்கு விமான நிலையத்தை நோக்கி வண்டி புறப்பட்டாக வேண்டும்.

எட்டு மணித்தியாலம் கொழும்புக்குக் குறைவான நேரமல்ல. பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை ஐந்தாறு கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகின்றன. நாளைக் கெடுப்பது தூரமல்ல, ஒழுங்கு தவறுவதுதான். நண்பகலில் கோயில்கள் பூட்டப்படும். பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெயிலில் நடக்க முடியாது. மாலை ஐந்துக்குப் பிறகு வீதிகள் அசையாது. இந்த மூன்றையும் வைத்து இடங்களை அடுக்கினால் ஆறுதலாகப் பார்க்கலாம். சுற்றுலாக்காரர் வழக்கமாகப் போகும் ஒழுங்கில் போனால் கோயில் வாசலில் பூட்டையும், காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியில் வாகனங்களின் பின்புறத்தையும்தான் பார்ப்பீர்கள்.

கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

முதலில் விமான நேரத்தை எழுதி, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். பயணப் பொதிகளை உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரு தடவை ஊடுகதிரில் விட்டுப் பார்ப்பார்கள், அதற்கே சில வேளை வரிசை நிற்கும். துறைமுகத்தை ஒட்டிய கோட்டைப் பகுதியிலிருந்து கட்டுநாயக்க சுமார் 35 கிலோமீற்றர். அதில் 2013இல் திறந்த அதிவேகப் பாதை ஏறத்தாழ 26 கிலோமீற்றர். அதில் ஏறிவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்துவிடும். சிக்கல் அதில் ஏறும்வரைதான். முற்பகலில் அது தொடங்கும் களனிப் பாலத்தடிக்குப் போகக் கால் மணித்தியாலம் போதும். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் அதே தூரத்துக்கு முக்கால் மணித்தியாலம் போகும், மழை பெய்தால் அதற்கும் கூட.

ஆகவே:

மாலை 6 மணி விமானம் என்றால் 1.30க்கு நகரத்தை விடுங்கள். காலையில் செட்டியார் தெரு, புறக்கோட்டைச் சந்தை, ஒரு சாப்பாடு, அவ்வளவுதான்.

இரவு 9 மணி விமானம் என்றால் 4.15க்குப் புறப்பட வேண்டும். அதிகம் ஏமாறுபவர்கள் இந்தக் கூட்டத்தினர்தான். ‘சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டுப் போவோம்’ என்று காலி முகத்திடல் கடற்கரையில் நிற்பார்கள். கொழும்பில் வருடம் முழுவதும் பொழுது சாய்வது கிட்டத்தட்ட ஆறு மணிக்குத்தான். அந்தக் காட்சி இவர்களுக்குரியதல்ல.

இரவு 11 மணி விமானத்துக்கு ஆறு மணி. நள்ளிரவு ஒரு மணிக்குப் பிந்திய விமானம் என்றால் எட்டரை மணிக்கு வெறிச்சோடிய வீதியில் போகலாம். அதைவிட வசதி வேறில்லை.

கப்பலில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

ஒரு நாள் மட்டும் இறங்கிச் சுற்றிவிட்டு அதே கப்பலில் திரும்பும் பயணிக்கும், கொழும்பில் பயணத்தை முடித்து விமானம் ஏறுபவருக்கும் குடிவரவு நடைமுறை வேறு. நீங்கள் இரண்டாம் வகை. இலத்திரனியல் பயண அனுமதியை ஊரிலிருந்து கிளம்பும் முன்னரே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அரச இணையத்தளத்தில் எடுத்துவிடுங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். அதே அனுமதிக்கு மேலதிகக் கட்டணம் வாங்குவார்கள். அச்சிட்ட பிரதி ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

கடவுச்சீட்டைப் பயணம் முழுவதும் கப்பல் அலுவலகமே வைத்திருந்தால் முதல்நாள் இரவே கேட்டு வாங்குங்கள். இறங்கும்போது அதில் இலங்கை நுழைவு முத்திரை விழுந்திருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பக்கத்தைத் திறந்து பாருங்கள். கரை உலாவுக்குப் போகும் கூட்டத்தோடு சேர்ந்து முத்திரை இல்லாமல் வெளியே வந்துவிட்டால், இரவு கட்டுநாயக்கவில் ‘நாட்டுக்குள் எப்படி வந்தீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

பெரிய பெட்டிகளை முதல்நாள் இரவே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் கரையில்தான் அவை திரும்பக் கிடைக்கும். மருந்து, மின்னேற்றி, மாற்றுச் சட்டை, குடை, கடவுச்சீட்டு எல்லாம் கைப்பையில். கப்பலில் வாங்கிய மதுப் போத்தல், வாசனைத் திரவியம் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும், விமானத்தில் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். உடையில் ஒன்றே ஒன்று கவனம்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றுக்கும் அது போதும். காலுக்குக் கழற்றி மாட்ட இலகுவான செருப்பு. வார்கட்டிய சப்பாத்தோடு வந்தால் ஒரு காலைக்குள் ஐந்து தடவை குனிய நேரும்.

வாசலில்: பெட்டி, பணம், ஓட்டோ

கொழும்புத் துறைமுகம் கொள்கலன் பாரவூர்திகள் ஓடும் வேலைத்தளம். உள்ளே நடந்துபோக விடமாட்டார்கள். கப்பலடியிலிருந்து வாசல்வரை பஸ் ஓடும். பாதுகாப்புச் சோதனை இடங்களையும் கடற்படையினரையும் படம் எடுக்காதீர்கள். வெளியே கோட்டையில் சனாதிபதி மாளிகைப் பக்கமும் அதே விதிதான்.

வாசலுக்கு வெளியே கால் வைத்ததும் ஓட்டோக்காரர் பத்துப் பேர் சூழ்வார்கள். டொலரில் விலை சொல்லுபவரை விட்டு விலகுங்கள். ‘நீங்கள் விரும்பியதைத் தாங்கோ’ என்பவரையும்தான். அந்த விருப்பம் எவ்வளவு என்பது இறங்கும்போதுதான் தெரியவரும். வாடகை வண்டிச் செயலிகளான பிக்மீ, ஊபர் இரண்டும் கொழும்பில் நன்றாக ஓடுகின்றன. ஆனால் துறைமுகத்துக்குள் வரமாட்டா. யோர்க் வீதியில் பழைய கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல்வரை நடந்துபோய் அங்கிருந்து கூப்பிடுங்கள். செயலியில் ஏறாவிட்டாலும் அது காட்டும் கட்டணத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பேரம் பேச அதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது.

பணம் மாற்றக் கோட்டையிலேயே மத்திய வங்கி அனுமதி பெற்ற கடைகள் உண்டு. அனுமதிப் பத்திரம் கண்ணில் படும்படி மாட்டியிருக்கும். பற்றுச்சீட்டு வாங்குங்கள். தெருவில் கூப்பிட்டு மாற்றித் தருபவரிடம் வேண்டாம். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வசதி: 2024 பெப்ரவரியிலிருந்து யூபிஐ இங்கே வேலை செய்கிறது, லங்கா கியூஆர் அட்டை வைத்திருக்கும் கடைகளில் கைப்பேசியாலேயே கொடுக்கலாம். நடைபாதைக் கடைக்கும் ஓட்டோவுக்கும் சில்லறைத் தாள்தான் செல்லும். 5,000 ரூபாய்த் தாளை நீட்டினால் ‘மாத்தின காசு இல்லை’ என்பார்கள்.

பெட்டிதான் பெரிய கேள்வி. மூன்று வழிகள்.

தனியாளாகவோ இருவராகவோ வந்தால் கோட்டைப் புகையிரத நிலையத்தில் பொதி வைப்பறை இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும், பற்றுச்சீட்டைத் தொலைக்கக் கூடாது. மலிவு. குறை என்னவென்றால் பெட்டியை மீட்க மாலை ஐந்துக்குப் போனால் அலுவலகம் விட்டு வரும் சனக்கூட்டத்துக்கு எதிராக நீந்த வேண்டும். நாலரைக்கு முன்னர் எடுத்துவிடுங்கள். அறை பூட்டும் நேரத்தையும் காலையிலேயே கேட்டு வையுங்கள்.

குடும்பமாக, பிள்ளைகளும் வயதானவர்களுமாக வந்தால் கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ பகல் வாடகைக்கு ஹோட்டல் அறை ஒன்று எடுங்கள். பெட்டி பத்திரம், நண்பகலில் முகம் கழுவிப் படுக்க இடம், விமானத்துக்கு முன் ஒரு குளிப்பு. கொழும்பு வெக்கையில் அந்தக் குளிப்புக்காகவே இந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.

நாள் முழுவதும் சாரதியோடு வாகனம் பிடிப்பது மூன்றாவது வழி. இதில் பேச வேண்டியவற்றை ஏறும் முன்னரே பேசுங்கள்: எத்தனை மணித்தியாலம், எத்தனை கிலோமீற்றர், அதிவேகப் பாதைக் கட்டணம் யாருடையது, கடைசியில் இறக்கும் இடம் கட்டுநாயக்கதானா. ‘இரத்தினக்கல் கடை, மசாலாத் தோட்டம் எதுவும் வேண்டாம்’ என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தரகு அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஒரு மணித்தியாலம் அங்கேதான் தொலையும்.

முற்பகல்: கொச்சிக்கடையிலிருந்து இறங்கி வாருங்கள்

வழக்கமாகக் கோட்டையில் தொடங்கிப் புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொச்சிக்கடை என்று வடக்கே ஏறுவார்கள். கடைசிக் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது நண்பகல் தாண்டி, கதவு பூட்டியிருக்கும். எதிர்த்திசையில் வாருங்கள். பெட்டியை வைத்துவிட்டு ஓட்டோ பிடித்து நேரே கொச்சிக்கடைச் சிவன் கோயிலடிக்குப் போங்கள். பத்து மணியளவில் அங்கே நிற்கலாம்.

பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் மீளக் கட்டுவித்தது. வெளியே வண்ணச் சுதை வேலையை எதிர்பார்த்து வருபவருக்கு இந்தச் சாம்பல் நிறம் முதலில் மந்தமாகத் தெரியலாம். உள்ளே போங்கள். தூண் வரிசை, கல்லின் குளிர்ச்சி, நகரத்தின் இரைச்சல் அடங்கும் விதம் எல்லாம் சேர்ந்து, கொழும்பில் ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்லவேண்டும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். அரை மணித்தியாலம் கொடுங்கள்.

அங்கிருந்து நடை தூரத்தில் புனித அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள், அன்று வீதியே அடைத்துக்கொள்ளும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று குண்டு வெடித்த தலங்களில் ஒன்று இது. வாசலில் பையைச் சோதிப்பார்கள், பெரிய பையோடு போகாதீர்கள். சிறிது மேட்டில் 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்வெண்டால் ஒல்லாந்தர் தேவாலயம் இருக்கிறது. தரையில் பதித்த கல்லறைக் கற்களுக்காகப் பார்க்கலாம். நேரம் இறுகினால் முதலில் விட வேண்டியதும் இதுதான்.

இனித் தெற்கே, செட்டியார் தெரு. இரு பக்கமும் நகைக்கடை. நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் அருகருகே நிற்கின்றன. ஆடிவேல் திருவிழா இரதம் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும் இடம் இதுதான். அந்த நாட்களில் வந்தால் வீதி மூடியிருக்கும், வாகனத்தை நம்ப வேண்டாம். நகை வாங்க நினைப்பவர் 22 கரட் முத்திரை, கூலி, கழிவு மூன்றையும் தனித்தனியே பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்தத் தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம், அது உங்களுக்கு ஒரு பலம்.

தெரு முடியும் இடம் ஐந்துலாம்புச் சந்திப் பக்கம். 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம் சந்தை இரைச்சலுக்குள் ஒளிந்து நிற்கும். அங்கிருந்து பிரதான வீதி மேற்கே போகிறது. அதைக் குறுக்காக வெட்டுபவை ஐந்தாம் குறுக்குத் தெருவிலிருந்து முதலாம் குறுக்குத் தெருவரை. புறக்கோட்டையைப் புரிந்துகொள்ள ஒரே வழி இந்தக் குறுக்குத் தெருக்களை எண்ணிக்கொண்டு நடப்பது. நாலாம், ஐந்தாம் தெருப் பக்கம் மொத்த வியாபாரம்: வெங்காயம், செத்தல் மிளகாய், கருவாடு, பருப்பு மூட்டைகள். அங்கே நாட்டாமைமார் (சுமை தூக்குபவர்கள்) கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அவர்கள் குரல் கொடுத்தால் விலகுங்கள். பாரம் ஏற்றிய வண்டியை அவர்களால் நிறுத்த முடியாது. காலில் ஏறினால் உங்கள் விமானம் போய்விடும். கபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்துக் கடைகள். மூன்றாம், இரண்டாம் தெருக்களில் துணி. முதலாம் தெருவில் மின்சாதனம்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி அடுக்கிய ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சொல்வார்கள். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களுக்காக 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த வருடம் முடித்தார்கள். தெரு மிகவும் ஒடுக்கம். எதிர்ப்பக்கக் கடை வாசலில் முதுகை ஒட்டி நின்றால்தான் முழுக் கட்டடமும் படத்தில் விழும். தொழுகை நேரம் தவிர்த்துப் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள், பெண்களுக்குத் தலைத்துணி வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் முயல வேண்டாம். அந்த நேரம் சுற்றியுள்ள கடைகளிலும் பல பூட்டியிருக்கும்.

புறக்கோட்டையில் எடுக்கக் கூடியவை மசாலாவும் துணியும். கறுவா வாங்கினால் தடித்த ஒற்றைப் பட்டையை விட்டு, கடதாசிபோல் மெல்லிய அடுக்குகள் சுருண்ட குச்சியைக் கேளுங்கள். மெல்லியதுதான் உயர்ந்த தரம். பணப்பையை முன் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் போத்தலின் மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு செவ்விளநீர் குடியுங்கள்.

பிரதான வீதியின் மேற்கு முனையில் பார்சிக் குடும்பமொன்று 1923இல் நிறுவிய கான் மணிக்கூண்டு. அங்கிருந்து கோட்டைப் புகையிரத நிலையம் பத்து நிமிட நடை. எல்லாம் சரியாகப் போனால் மணி பன்னிரண்டரை.

ஞாயிற்றுக்கிழமையிலும் போயா நாளிலும் இந்த முற்பகல் இப்படி இருக்காது. மொத்தக் கடைகள் பூட்டு. நடைபாதை வியாபாரிகள் மட்டும் இருப்பார்கள். போயா என்பது மாதந்தோறும் வரும் பௌர்ணமி விடுமுறை, அன்று மது விற்பனையும் நாடு முழுவதும் தடை. கப்பல் வரும் திகதி போயாவா என்று நாட்காட்டியில் பாருங்கள். ஆமென்றால் புறக்கோட்டையைச் சுருக்கி, பிற்பகலில் போகும் கங்காராம விகாரையில் கூடுதல் நேரம் இருங்கள், வெள்ளை உடுத்த சனத்தோடு அன்றுதான் அது உயிர்ப்பாக இருக்கும்.

மத்தியானம்: ரயிலேறி வெள்ளவத்தைச் சாப்பாடு

கோட்டையில் தெற்கு நோக்கிப் போகும் மெதுவான ரயில் ஒன்றைப் பிடியுங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கடலோரமாகவே போகும். வலப்பக்கம் உட்காருங்கள், அலை தண்டவாளத்துக்குக் கிட்டவே அடிக்கும். வெள்ளவத்தைக்கு இருபது நிமிடம் அளவில். காலிக்கும் மாத்தறைக்கும் போகும் கடுகதி ரயில்கள் வெள்ளவத்தையில் நிற்காமல் போகலாம், ஏறுமுன் கேளுங்கள். ரயில்சீட்டை எறியாதீர்கள், இறங்கும் இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். கதவில் தொங்கிப் படம் எடுப்பது அலட்சியமான ஆபத்து. பாதையோரக் கம்பங்கள் மிகக் கிட்ட. அடுத்த ரயிலுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமென்றால் விட்டுவிட்டு ஓட்டோவில் போங்கள், மத்தியானத்தில் இடைவெளி கூடுதலாக இருக்கும்.

வெள்ளவத்தை கொழும்பின் தமிழ் முகம். காலி வீதியிலும் அதிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளிலும் சைவக் கடைகளும் யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. மத்தியானம் சோறு கறி கேளுங்கள்: ஒரு பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு சம்பல், அப்பளம், சொதி, மச்சம் வேண்டுமென்றால் மீன் குழம்போ நண்டோ சேர்த்து. உறைப்பு தமிழ்நாட்டுக் கணக்கில் இல்லை என்பதை மனதில் வைத்து முதல் கவளத்தைச் சிறிதாக எடுங்கள். கொத்து ரொட்டி மாலைச் சாப்பாடு. மத்தியானத்தில் அதைத் தேடி அலைய வேண்டாம். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் ரோல்ஸ், கட்லட், மீன் பணிஸ் அடுக்கிய தட்டைக் கேளாமலே முன்னால் வைப்பார்கள். பயப்படாதீர்கள், எடுத்ததற்கு மட்டும்தான் காசு. பெரிய உணவகங்களில் விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு 10 சதவீத சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்து வரும்.

வெயில் நேரம்: தேசிய அருங்காட்சியகம்

இரண்டு மணியளவில் வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் கறுவாத் தோட்டப் பகுதிக்கு வாருங்கள். அருங்காட்சியகம், 1877இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி திறந்த வெள்ளை மாளிகை. காலை 9 முதல் மாலை 5 வரை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். எல்லா அறைகளையும் ஒரே வேகத்தில் பார்த்தால் களைப்புத்தான் மிஞ்சும், மூன்றைத் தேடிப் போங்கள்.

முதலாவது, மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுப் பொறிப்பித்த கல். 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குப் பொன்னும் வெள்ளியும் பட்டும் கொடுத்ததைச் சொல்கிறது. எழுத்து மிகவும் தேய்ந்துவிட்டது. பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி பார்த்தால் சில தமிழ் எழுத்துகள் எழுந்து வரும்.

இரண்டாவது, பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலங்கள். நடராசரும் நாயன்மாரும் சோழர் சாயலோடு, ஆனால் சோழநாட்டு வேலையல்லாத ஒரு கைப்பாங்கோடு நிற்கிறார்கள். தஞ்சை வெண்கலங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வித்தியாசம் உடனே பிடிபடும்.

மூன்றாவது, கண்டி அரசர்களின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது. அதில் கடைசியாக அமர்ந்தவன் நாயக்க வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். வேலூர்க் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். வேலூர்க்காரர் யாராவது கூட்டத்தில் இருந்தால் இந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

மூன்றரைக்குப் பிறகு: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

கங்காராம விகாரையும் தாமரைக் கோபுரமும் ஒரே பிற்பகலில் பார்க்க முடியாதா என்று கேட்பார்கள். முடியும், இரண்டையும் அரைகுறையாக. 350 மீற்றர் உயரக் கோபுரம் வானம் தெளிந்த நாளில் துறைமுகம் முழுவதையும் காட்டும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம், மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழை. மேகம் கவிந்திருந்தால் டொலர்க் கட்டணம் கொடுத்துச் சாம்பல் நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கங்காராம மழையிலும் பார்க்கக் கூடியது. விகாரை ஒன்றுக்குள் பழைய கார், கடிகாரம், யானைத் தந்தம், பல நாட்டுப் புத்தர் சிலைகள் என்று கிடைத்ததையெல்லாம் அடுக்கிய விசித்திரமான இடம் அது. அதே சீட்டில் பேரே வாவியின் மேல் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலக்க தியான மண்டபத்தையும் பார்க்கலாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. இதில் பொலிஸ்வரை போன சம்பவங்கள் உண்டு.

கோட்டையிலும் காலி முகத்திடலிலும் நன்றாக உடுத்த ஒருவர் வந்து, ‘நீங்கள் தங்கும் ஹோட்டலில்தான் வேலை செய்கிறேன், இன்றைக்கு மட்டும் கங்காராமவில் யானைப் பெரஹரா ஊர்வலம்’ என்று சொன்னால் சிரித்துவிட்டு நடங்கள். யானைப் பெரஹரா பெப்ரவரியின் நவம் போயாவோடுதான் நடக்கும். அவர் கூட்டிப் போகும் ஓட்டோ இரத்தினக்கல் கடையில்தான் நிற்கும்.

தேயிலை வாங்குவதென்றால் பெட்டியில் வாளேந்திய சிங்க இலச்சினையைப் பாருங்கள். இலங்கையிலேயே பொதிசெய்த கலப்பில்லாத தேயிலை என்பதற்கு அதுதான் அடையாளம். பால் தேத்தண்ணிக்கு பிஓபிஎஃப் என்ற தரம், பால் விடாமல் குடிக்க ஓபி என்ற தரம்.

கடைசி வெளிச்சம்: திடலா, நீர்கொழும்பா

நாலரைக்குப் பெட்டியை மீட்டு வண்டியில் ஏற்றிவிட்டீர்களென்றால் இரண்டு வழி.

நள்ளிரவு விமானக்காரருக்குக் காலி முகத்திடல். 1850களின் கடைசியில் ஆளுநர் ஹென்றி வோர்ட் அமைத்த கடற்கரைப் புல்வெளி. பட்டம் விடுபவர்கள், குடும்பங்கள், தள்ளுவண்டிகள். இஸோ வடை (இறால் வடை) வாங்கினால் முன்பே பொரித்து அடுக்கியதை வேண்டாமென்று, எண்ணெயிலிருந்து அப்போது எடுப்பதைக் கேளுங்கள்; வயிற்றைக் கெடுத்துக்கொண்டு விமானம் ஏறக் கூடாது. கடலில் இறங்க வேண்டாம், அடிநீரோட்டம் இழுக்கும். இருட்டிய பிறகு பக்கத்தில், இப்போது உணவகங்கள் இருக்கும் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை முற்றத்தில் சாப்பிடலாம்; போகிற வழியில் 1857ஆம் ஆண்டு மணிக்கூட்டுக் கோபுரமும் கார்கில்ஸ் கடையின் பழைய செங்கல் கட்டடமும் விளக்கொளியில் தெரியும். கோட்டைக்கு இதைவிட அதிக நேரம் தேவையில்லை.

பதினொரு மணி விமானக்காரருக்கு நாங்கள் சொல்வது விமான நிலையத்துக்கு அருகிலுள்ள கடற்கரை ஊரான நீர்கொழும்பு. நாலரைக்கே புறப்பட்டு அதிவேகப் பாதையில் ஏறினால் நெரிசலுக்கு முன்னர் நகரத்தைத் தாண்டிவிடலாம். கடற்கரையில் பொழுது சாய்வதைப் பார்த்து, மீன் சாப்பிட்டு, அங்கிருந்து அரை மணித்தியாலத்துக்குள் விமான நிலையத்தில் இறங்கலாம். திடலின் கலகலப்பு அங்கே இல்லை. ஆனால் சாப்பிடும்போது மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லை.

வாகனம் இல்லாமல் சிக்கனமாகப் போக வேண்டுமென்றால் புறக்கோட்டை பஸ்தியன் மாவத்தையிலிருந்து 187ஆம் இலக்கக் குளிரூட்டிய பஸ் அதிவேகப் பாதையால் கட்டுநாயக்கவுக்குப் போகிறது. கைப்பையோடு வருபவருக்கு நல்லது. பெரிய பெட்டி இரண்டோடு ஏறினால் இன்னொரு இருக்கைக்குக் காசு கேட்கலாம். பஸ் நிரம்பிய பிறகுதான் புறப்படும் என்பதால் அரை மணித்தியாலம் மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாதையால் போகும் பஸ்ஸில் தெரியாமல் ஏறினால் நேரம் இரட்டிப்பாகும், ‘அதிவேகப் பாதையாலா?’ என்று கேட்டுவிட்டே ஏறுங்கள்.

மிஞ்சிய ரூபாயை விமான நிலையத்தில் குடிவரவைத் தாண்டும் முன்னரே வங்கிக் கருமபீடத்தில் மாற்றுங்கள், காலையில் வாங்கிய பற்றுச்சீட்டை அங்கே கேட்கலாம். இரண்டு தேத்தண்ணிக்கான காசை மட்டும் கையில் விட்டுவையுங்கள்.